கட்டிலுக்குள் அடங்காத கால்கள்

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை. எழுந்து நின்னா போதும்" என்று பிசியோதெரபிஸ்ட் ஜாய்சன் மூன்றாவது நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ரத்தினபாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவளுடைய இடது முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்திருந்தார்கள். ஆபரேஷனில் டாக்டருக்குப் பரம திருப்தி. கட்டில்தான் போதவில்லை. ஆறடியைத் தாண்டிய பெண்ணுக்கென்று எந்த ஆஸ்பத்திரியும் கட்டில் வாங்கி வைப்பதில்லை. கால்மாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டிருந்தாள். இரண்டு பாதங்களும் கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே அந்த ஸ்டூலின் மேல் கிடந்தன.

ஜாய்சன் அலுத்துப்போய் அடுத்த அறைக்குப் போனதும், "இது என் கால் இல்லங்க" என்றாள் ரத்தினபாய், தாழ்ந்த குரலில். "முந்தாநாள் கீழ வெச்சேனே, அது எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன். வீட்டுக்குப் போயிடலாம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சத்தியநாதன் போர்வையைச் சரிசெய்தார். காலையில்தான் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் நடக்க ஆரம்பிக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், மறுபடி மயக்கம் கொடுத்து நாங்கள்தான் மடக்க வேண்டியிருக்கும், அப்போதும் பழைய மாதிரி வருமென்று உறுதி இல்லை என்று சொல்லியிருந்தார். சேலையூரில் அவர்கள் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆனால் அவரைக் கலக்கியது படிக்கட்டு அல்ல. முப்பத்துநான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. பாம்பு வந்தபோதுகூட அவர்தான் கட்டில் மேல் ஏறினார்.

பன்னிரண்டு வருஷம் இந்தியாவுக்குக் கூடைப்பந்து ஆடியவள் அவள். அதில் கடைசி நான்கு வருஷம் கேப்டன். ரயில்வே அணிக்குத் தேசியக் கோப்பை எத்தனை முறை, ஹாங்காங்கில் ஜப்பான்காரிகளுக்கு எதிராக ஒற்றை ஆளாக எத்தனை பாயிண்ட் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சத்தியநாதன் சொல்வார். கல்யாண வீட்டில் யாராவது அவளை அண்ணாந்து பார்த்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். சரித்திரப் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? ஆனால் அவர் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. சோழன் கடாரம் வென்றதை வகுப்பில் நடத்தியது போலத்தான் இதுவும். வருஷம் தெரியும், இடம் தெரியும், கப்பல் எப்படி அசைந்தது என்று தெரியாது. அவள் ஆட்டத்தை விட்ட மறுவருஷம்தான் கல்யாணம் நடந்தது. வீடியோ எதுவும் இல்லை. பேப்பரில் வந்த ஒரே படத்தில் கோப்பையைக் கொடுத்தவர் முழுசாகவும், வாங்கியவளின் தோள் மட்டும் ஓரமாகவும் தெரிந்தன. அவளிடம் கேட்டால், "பால் வந்துச்சு, போட்டேன்" என்பாள். அதற்குமேல் பிடுங்க முடியாது.

வராந்தாவில் வாக்கர் தட்டும் சத்தம் நெருங்கி வந்து, சட்டென்று நின்றது. நின்றவள் குட்டையான, கட்டுமஸ்தான பெண். அறுபதைத் தாண்டியிருப்பாள். ஆஸ்பத்திரி கவுனுக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். கதவைப் பார்க்கவில்லை, பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை, திரைக்கு வெளியே கிடந்த பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார், உள்ள படுத்துகினு கீறது ரயில்வே ரத்னாவா?"

சத்தியநாதன் திடுக்கிட்டு எழுந்தார். "ஆமாம்மா. உங்களுக்கு எப்படி…"

"மூஞ்சியப் பாத்தா நானே கொயம்பிருப்பேன். காலு மாறாது சார். எத்தினி வருசம் இந்தக் காலையே பாத்துகினு ஓடிகீறேன்!"

திரைக்குப் பின்னாலிருந்து, "தனமா?" என்று குரல் வந்தது. அந்தக் குரலில் மூன்று நாளாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

தனத்துக்கு ஊர் படப்பை. போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். பத்து நாளைக்கு முன்னால் வலது முட்டியை மாற்றிக்கொண்டு அடுத்த வார்டில் இருந்தாள். திரையை விலக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னதில் பாதி சத்தியநாதனுக்குப் புதுசு. தேசியப் போட்டியில் ரயில்வேக்குத் தனி அணி. அதனால் ரத்தினபாய் தமிழ்நாட்டுப் பெண்ணாக இருந்தும் தமிழ்நாட்டுக்கு எதிராகவே ஆடினாள். அவளை மறிக்கும் வேலை வருஷா வருஷம் தனத்தின் தலையில் விழுந்தது. "எல்லாரும் இவ மூஞ்சியப் பாப்பாளுங்க சார். இவ கண்ணு ஒரு பக்கம் போவும், பாலு வேற பக்கம் போவும். பேஜாராப் பூடும். நான் மட்டும் மூஞ்சியவே பாக்க மாட்டேன். காலத்தான் பாப்பேன். காலு பொய் சொல்லாதுன்னு எங்க கோச்சு சொல்லிக் குத்தாரு." அப்படிப் பார்த்துப் பார்த்து இரண்டு வருஷம் ரத்தினபாயைக் கட்டிப் போட்டதாகவும், மூன்றாம் வருஷம் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு ஒரு பாயிண்ட் முன்னால் இருந்ததாகவும் சொன்னாள். ஆட்டம் முடிகிற சங்கு ஊதப் போகிற நேரம். பந்து ரத்தினபாயிடம். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவள்தான் போடப் போகிறாள் என்று தெரியும்.

"எடது காலு திரும்பிச்சு. என் கண்ணால பாத்தேன் சார். நான் அந்தப் பக்கம் பாஞ்சேன். அங்க யாருமே இல்ல! திரும்பிப் பாத்தா இவ நின்ன எடத்துலயே மேல போறா. போறா, போய்கினே கீறா, எறங்கவே இல்ல. மறிக்கணும்னுகூடத் தோணல சார் எனுக்கு. வாயப் பொளந்துகினு நின்னேன். என் டீமு தோத்துகினு கீது, நான் வேடிக்க பாக்குறேன்." தனம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சத்தியநாதன் இத்தனை வருஷம் ஒப்பித்த கணக்கில் ஒன்று இப்போதுதான் எழுந்து அவர் கண் முன்னால் குதித்திருந்தது.

"ரத்னா, நாப்பது வருசமா கேக்கணும்னு கீறேன். அது இன்னாது? காலு எப்டி பொய் சொல்லும்?"

ரத்தினபாய் தலையணையை முதுகுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, "நீ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு தனம்" என்றாள். "மத்தவங்களுக்குக் கண்ணு போதும். உனக்குன்னு காலால ஒண்ணு பண்ண வேண்டியிருந்துச்சு. அந்த சீசன் முழுக்க, எல்லாரும் போனப்புறம் கோர்ட்டுல நான் மட்டும் இருந்து அதையேதான் பழகினேன்."

"எனுக்குன்னா?"

"உனக்கு மட்டும்தான். வேற யார்கிட்டயும் அதப் பண்ணதே இல்ல. அவங்கள்லாம் அந்த அளவுக்கு இல்ல."

தனம் வாக்கரின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். எத்தனையோ திருடர்களை அதட்டிய அந்த முகம், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது. கடைசியில், "காட்டு" என்றாள்.

"படுத்துக்கிட்டு எப்படிக் காட்டுறது? பாதத்தத் திருப்பினா மட்டும் நீ நம்பியிருப்பியா? அது மேல மொத்த வெயிட்டையும் போடணும். அப்பதான் அந்தப் பக்கம் போறேன்னு நம்புவ."

"எந்தக் காலு?"

ரத்தினபாய் ஸ்டூலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட இடது கால் தன் பாட்டுக்குக் கிடந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாலும் காரியம் கெட்டுவிடும் என்று சத்தியநாதனுக்குத் தோன்றியது.

"அந்தப் பையனக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

ஜாய்சன் ஓடி வந்தான். அவன் ஒரு பக்கம் பிடிக்க, வாக்கரை எதிரே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தினபாய் எழுந்தாள். முதலில் வலது கால். பிறகு இடது பாதம் தரையைத் தொட்டது. உடனே முகம் சுருங்கி, திரும்ப உட்காரப் போகிறவள்போல் கட்டிலைத் தேடிக் கை பின்னால் போனது. எதிரே தனம் தன் வாக்கரோடு வந்து நின்று, குனிந்து, அவள் பாதங்களின் மேல் கண்ணைக் குத்திவைத்தாள். அதைப் பார்த்ததும் ரத்தினபாயின் கை திரும்பி வந்தது.

"பாலு போட ரிங்கு வோணுமே! சார், அந்தச் சேர் மேல ஏறு நீ" என்றாள் தனம்.

"அங்கிள், விழுந்துடப் போறீங்க!" என்று ஜாய்சன் கத்தினான். சத்தியநாதன் அதற்குள் ஏறிவிட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைக் கோத்து வட்டமாகப் பிடித்தார். தனம் டிரேயிலிருந்த பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்து எதிராளியிடம் வீசினாள். ரத்தினபாய் பார்க்காமலேயே ஒரு கையால் பிடித்தாள்.

பிறகு அது நடந்தது. இடது பாதத்தின் நுனி கொஞ்சமாக, ஒரு விரற்கடைகூட இருக்காது, வெளியே திரும்பியது. இடுப்பு கூடவே போனது, தோள் போனது, அவ்வளவு பெரிய உடம்பின் பாரம் முழுவதும் அந்தப் புது மூட்டின் மேல் இறங்கியது. இது பொய் என்று தெரியும், இதைக் காட்டத்தான் எழுந்திருக்கிறாள் என்றும் தெரியும், ஆனாலும் தனத்தின் வாக்கர் தடதடவென்று அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அங்கே யாருமில்லை. ரத்தினபாய் நின்ற இடத்திலேயே நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

சத்தியநாதன் அவள் கண்களைப் பார்த்தார். அவை அவரைப் பார்க்கவில்லை. அவர் கைகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்தை மட்டும் பார்த்தன. உலகத்தில் வேறு எதுவுமே இல்லை என்பதுபோன்ற அந்தப் பார்வையை அவர் வீட்டில் ஒரு நாளும் கண்டதில்லை. இவளோடா நான் ரேஷன் கடைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்தேன் என்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க முடியாது, கை வட்டமாக இருந்தது.

அவள் எறிந்த துணிச் சுருள் அவர் கையில் எங்கும் படாமல் நடுவில் இறங்கியது. அதன் வால் அவிழ்ந்து, விரல்கள் மேல் வெள்ளையாகத் தொங்கியது. தனம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "மறுபடியும் போய்ட்டேன் பாரு! இன்னொரு தபா, ரத்னா. இந்தத் தபா உட மாட்டேன்."

"போதும் ஆன்ட்டி, இன்னைக்கு இது போதும்" என்றான் ஜாய்சன்.

ரத்தினபாயின் நெற்றியெல்லாம் வேர்வை. அவள் உட்காரவில்லை. அடுத்த சுருளுக்காகக் கையை நீட்டியபடி, "என்னங்க, கைய எறக்காதீங்க" என்றாள்.

தோள் கடுத்தது, நாற்காலி லேசாக ஆடியது. சத்தியநாதன் வட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.