நொச்சி வேலிக்கு அந்தப் பக்கம்

கிருஷ்ணப்பிரியாவுக்கு வீட்டில் எல்லாம் இருந்தது. ஷர்மிளா வீட்டு வேலி மட்டும்தான் இல்லை. முன் தெரு ஷர்மிளா தன் வீட்டைச் சுற்றி இட்லிப்பூச் செடி வைத்து, கேக் வெட்டின மாதிரி மட்டமாக, இடுப்பளவுக்குக் கவாத்து செய்து வைத்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டுமே! அதற்கு இவளுக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? எரிந்தது, என்ன செய்வது.

செம்பரம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் கிருஷ்ணப்பிரியாவும் அவள் புருஷன் மணவாளனும். திருச்சிப் பக்கத்து ஆட்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு மூன்று பக்கம் மதில். பின்பக்கம் மட்டும் மதில் கிடையாது. இவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நொச்சி வேலி ஒன்று அடர்ந்து நின்றது. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று இவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, ஆகவே நம்முடையது. அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பக்கம் வேம்புலியம்மாள் வீடு. சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. வேம்புலியம்மாளுக்கு நெடுஞ்சாலைக் குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை. அவள் மகன் வெற்றிச்செல்வன்தான் அந்த நகர் முழுக்கத் தண்ணீர் கேன் போடுகிறவன். "மேடம், கேனு!" என்ற குரல் கேட்டால் கிருஷ்ணப்பிரியா கதவைத் திறப்பாள். மகனைத் தெரியும், தாயைத் தெரியாது. இரண்டு வீடும் முதுகோடு முதுகு, வாசலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு தெரு சுற்ற வேண்டும். யார் சுற்றுவது?

வேலிக்கு அந்தப் பக்கம் சொம்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் தினமும் கேட்கும். ஒரு தடவை சோப்புத் தண்ணீர் இந்தப் பக்கம் கசிந்து வந்துவிட்டது. கேன் போட வந்த வெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுத் தண்ணி எங்க தோட்டத்துக்கு வருதுப்பா, நாத்தம் தாங்கல." அவன் முகம் சுருங்கிப்போய், "பாத்துக்கறேன் மேடம்" என்றான். அன்றைக்கே மண் அணைத்துத் தடுத்துவிட்டான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே யார் எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அப்போதாவது யோசித்தாளா மகராசி? இல்லையே!

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை, வேலி வெட்டுகிற பேட்டரி மிஷின் வந்து இறங்கியது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, தலைக்குத் தொப்பி. மணவாளனைப் படம் பிடிக்கச் சொன்னாள்.

"எவ்வளவு உயரத்துக்கு வெட்டப் போற பிரியா?"

"இடுப்புக்கு. ஷர்மிளா வீட்டை விட ஒரு விரல் கம்மியா."

ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். மிஷின் கொர்ரென்று இரைய, நொச்சிக் கொம்புகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. வாசனை ஊரைத் தூக்கியது. கடைசித் துண்டை வெட்டும்போது, "இதைக் கிட்ட வந்து படம் எடுங்க" என்று மணவாளனிடம் கத்தினாள். கொம்பு சரிந்தது, ஆகாயம் திறந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, கேமரா பக்கம் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் அங்கேயே நின்று இரண்டு பேரும் இளநீர் குடித்தார்கள், தோளோடு தோள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், வேலி மட்டமாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நாலு மூங்கிலும் கிழிந்த பிளாஸ்டிக் பையுமாக ஏதோ மறைப்பு தெரிந்தது. என்னமோ விறகுக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து, வியர்வைகூடத் துடைக்காமல், வீடியோவை நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். 'என் கைவண்ணம்' என்று ஒரு வரி வேறு. இதயங்களாக வந்து குவிந்தன. இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷர்மிளா இன்னும் ஒன்றும் போடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடைசித் தெரு ஆசாமி ஒருவர் எழுதியிருந்தார்: 'பின்னாடி குளியல் சீனும் உண்டா? சூப்பர்!' கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள்.

அதே நேரம் ஷர்மிளா போனில் கூப்பிட்டாள். "பிரியா, அந்த வீடியோவை எடுடி முதல்ல! பார்த்துட்டுத்தான் போட்டியா?"

பார்த்தாள். இப்போதுதான் பார்த்தாள். கடைசிக் கொம்பு சரிந்த இடத்தில், பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் சீயக்காய் நுரையோடு ஒரு பெண் நிற்கிறாள். வெளிச்சம் பட்டுக் கண்ணைத் திறக்கிறாள். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு சட்டென்று குந்துகிறாள். ஒரு நொடிதான். ஆனால் முகம் பளிச்சென்று தெரிகிறது. மணவாளன் வெயிலில் கண் கூச, பெண்டாட்டியைப் படத்துக்குள் வைப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறான்.

உடனே அழித்தாள். வீடியோ போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு புது வரி வந்து நின்றது: வெற்றிச்செல்வன் குரூப்பை விட்டு வெளியேறினார்.

ஐயோ! தண்ணீர் வரும் வராது என்று சொல்வதற்காக அவனைக் குரூப்பில் சேர்த்ததே இவள்தான். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கொண்ட கதையாக இருந்தாலும் பரவாயில்லை, குடைச்சல் தன்னோடு போயிருக்கும். இவள் எடுத்து அடுத்தவள் சேலையில் அல்லவா விட்டுவிட்டாள்! ஒரு ஆம்பிளை செய்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருப்பாளா? பொம்பளைக்குப் பொம்பளை இந்த இங்கிதம் தெரிய வேண்டாமா? நினைக்க நினைக்க உடம்பு கூசியது. தன் சட்டையைத் தானே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பச்சை வலை வாங்கிக் கட்டிக் கொடுத்துடலாம் பிரியா" என்றான் மணவாளன். "வீடியோ விஷயம் அந்தம்மாவுக்குத் தெரியுமோ என்னமோ."

"தெரியலன்னா நான்தான் சொல்லணும்" என்று செருப்பை மாட்டினாள்.

இரண்டு தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'அக்கா, தப்பு பண்ணிட்டேன். படம் எடுத்துட்டோம். எல்லாரும் பாத்துட்டாங்க. என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க.' எதிரே வந்த ஒரு ஆள் இவளைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அவன் சும்மா போகிறவன்தான். ஆனால் இவள் தலை தானாகக் குனிந்தது.

வேம்புலியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். வீடியோவில் பார்த்த அதே முகம். பக்கத்தில் வெற்றி, தார்ப்பாய் ஒன்றை விரித்து, மூங்கில் கழியோடு கட்டக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்தான், 'மேடம்' என்று சொல்லவில்லை. குனிந்துகொண்டான்.

"பின்னாடி ஊட்டுப் பொண்ணா? வா கண்ணு, குந்து." வேம்புலியம்மாளே முந்திக்கொண்டாள்.

"அக்கா..."

"நீ இன்னா பண்ணுவே, உன் செடி, நீ வெட்டுனே. நான்தான் கேனச்சி மாதிரி குளிச்சிகினு இருந்தேன். எந்நேரமும் எங்கியாவது மிசினு ஓடிகினேதான கீது, எவன் ஊட்லியோ வேலை நடக்குதுன்னு நெனச்சிகினேன். கண்ணத் தொறந்தா வேலியக் காணோம்!" சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "கொரலு குட்த்தா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பீங்களேன்னு வாய மூடிகினேன். நீங்க போற வரிக்கும் அடிவேலி மறப்புல அப்பிடியே குந்திகினு இருந்தேன். காலு மரத்துப் பூட்ச்சு."

இளநீர் குடித்தது, தோளோடு தோள் சேர்ந்து சிரித்தது, நூல் பிடித்தது எல்லாம் கிருஷ்ணப்பிரியா கண் முன்னால் வந்து நின்றது. அவ்வளவு நேரமும் இந்த மனுஷி நுரைத் தலையோடு, கையெட்டும் தூரத்தில், மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்திருக்கிறாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்பதற்குள் அழுதுவிட்டாள்.

"சீச்சீ, அழுவாத." வேம்புலியம்மாள் மகனுக்குக் கேட்காமல் இருக்க இவள் பக்கம் சாய்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. அப்போலேருந்து அதான் மன்சப் போட்டு அறுக்குது. உன் ஊட்டுக்காரரு பாக்கல இல்ல?"

கயிறு கோத்த கை நின்றது. அம்மா மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் அவன் காதில் விழுந்துவிட்டது.

சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாளே, அத்தனையும் வாயில் இருந்தது. சொன்னால் இவள் பாரம் இறங்கிவிடும். இறங்கி எங்கே போய் உட்காரும்? அந்த ஈரத் தலை மேல்தான். கிருஷ்ணப்பிரியா நிமிர்ந்து வெற்றியைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது.

"இல்லக்கா" என்றாள். "யாரும் பாக்கல."

"அப்பாடி!" வேம்புலியம்மாள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "வயித்துல பால வார்த்தே தாயி. நாலு பேரு பாத்திருந்தா எந்த மூஞ்ச வெச்சிகினு குடோனுக்குப் போவேன்? நீ நல்லா இருக்கணும். இரு, டீ போட்டுகினு வரேன்."

அவள் உள்ளே போனதும் வெற்றி தார்ப்பாயின் ஒரு முனையை நீட்டினான். "இத்த இழுத்துப் புடிங்க." மூங்கிலில் முடிச்சுப் போட்டான். இன்னொரு முடிச்சும் போட்டான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எப்பக் கேட்டாலும் அதான் சொல்லணும், மேடம். எங்கம்மா கேட்டுகினே இருக்கும்."

கிருஷ்ணப்பிரியா தலையை ஆட்டினாள். கத்தித் திட்டியிருக்கலாம், கையில் இருந்த கழியால் அடித்திருக்கலாம். இப்படிக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டானே என்று நொந்தாள்.

டீ வந்தது. டம்ளரைக் கையில் கொடுத்தவள் விடாமல் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி இவள் கண்ணையே பார்த்தாள்.

"நெஜமா யாரும் பாக்கல இல்ல, கண்ணு?"

"யாரும் பாக்கலக்கா."