இரண்டாவது அடி

தச்சர் ஓர் ஆணிக்கு இரண்டே அடிதான் அடிப்பார். முதல் அடி ஆணியை நிற்க வைக்க. இரண்டாவது அதைத் தலை வரைக்கும் இறக்க. பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினெட்டு வருஷமாக அவர் மனைவிக்கு அந்த டொக், டொக் மூச்சு மாதிரிப் பழகிப்போயிருந்தது.

"மச்சான் தும்மினாக்கூட ரெண்டு தடவைதான் தும்முவாரு, பாத்தியாக்கா?" என்று அவளுடைய தம்பி கேலி செய்வான்.

அவனும் அங்கேதான் வேலை பார்த்தான். குடி முற்றி, மரம் அறுக்கும் மெஷின் முன்னால் அவன் தள்ளாடி நின்ற அன்று, "விரல் போறதுக்குள்ள வீட்டுக்குப் போடா. தெளிஞ்சப்புறம் வா" என்று தச்சர் அனுப்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் வந்தான், தெளியாமலே.

"என்னை நாய் மாதிரி துரத்துறியா மச்சான்?" என்று அவன் கேட்டதும், "உளியைக் கீழ வைடா!" என்று இவர் அலறியதும் அவள் காதில் விழுந்தன. ஈரக் கையோடு அவள் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தச்சரின் தோள் எலும்புவரை பிளந்திருந்தது. கையில் சுத்தியல். தம்பி மரத்தூளில் முகம் புதைந்து, உயிரில்லாமல் கிடந்தான்.

"தலையில ரெண்டு அடி விழுந்திருக்கே?" என்று கோர்ட்டில் அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார்.

"அது கையோட பழக்கம், ஐயா. உயிர் போற நேரத்துல எவன் எண்ணிக்கிட்டு அடிப்பான்?" என்றார் இவர்களுடைய வக்கீல். தம்பியின் கேலி அங்கே வாதமாகி நின்றது.

அவளையும் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். "ரெண்டும் அடுத்தடுத்துக் கேட்டுச்சு. நடுவுல ஒண்ணுமில்ல" என்றாள். தற்காப்பு என்று விட்டுவிட்டார்கள்.

முதல் அடி அடித்திராவிட்டால் அவர் செத்திருப்பார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் ஒன்று இருந்தது. டொக். சிமெண்டுத் தரையில் இரும்பு விழுந்த சத்தம். அப்புறம்தான் இன்னொரு டொக்.

வீடு திரும்பிய பத்தாம் நாள், தட்டில் வைத்ததைத் தொடாமலே அவர் கேட்டார்.

"கோர்ட்டுல சொன்னியே, நிஜமா? எனக்கு அன்னிக்குக் காது அடைச்சுப்போச்சு. உளி எப்ப விழுந்துச்சுன்னே தெரியல."

"சாப்பிடுங்க."

"சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும்."

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதானே. ஆனால் அது புருஷனுக்காகச் சொன்னது. தம்பிக்காகச் சொல்ல அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சத்தம் மட்டும்தான்.

"ரெண்டாவது அடிக்கு முன்னாடியே விழுந்துடுச்சு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை எடுக்கக் குனிஞ்சானா? இல்ல, சும்மா சாய்ஞ்சானா?"

"குனியறது காதுக்குக் கேக்குமாங்க?"

"குனிஞ்சிருந்தான்னா..."

"குனிஞ்சிருக்கலாம்" என்றாள். அதற்குமேல் ஒரு சொல்லைக்கூட அவளால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை.

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். செய்து பாதியில் நின்ற ஜன்னல் சட்டம் ஒன்று அங்கே கிடந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தடுப்புக்கு அப்பால் கேட்டது.

டொக்.

அவள் குழாயை மூடிவிட்டு நின்றாள். கையிலிருந்த தண்ணீர் சொட்டி முடிந்து, கை உலர்ந்தும் போனது. பிறகு சுத்தியலை மேசைமேல் வைக்கும் சத்தம் வந்தது, தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாக.