புள்ளிக்குப் பால் இல்லை

"ஐயா வீட்டில இல்லை" என்றாள் பத்மாதேவி.

அவள் சொல்லி வாய் மூடுமுன் உள்ளறையில் ஐயா இருமினார். குசினி வாசலுக்கு வெளியே, குழாயடியில் நின்ற அம்புறோசுக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். பத்மாதேவியின் கணவர், அவன் மனைவி வேலை செய்யும் பண்ணைக்கு மாதம் ஒருமுறை வரும் மிருக வைத்தியர் பரமநாதனின் இருமல் அது. ஆனாலும் அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய மனிதர் வீட்டுப் பொய்யை மெய்யென்று எடுத்துக்கொண்டு பழகியவன்.

"பரவால்லங்கம்மா. வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

"மழை வரப்போகுது. நாளைக்கு வாவன்."

"நாளைக்குக் காலையில எம் பொண்டாட்டிய வெசாரணைக்குக் கொழும்புக்கு ஏத்திருவாங்கம்மா. ஐயா இன்னைக்கே வந்து ஒரு வார்த்த சொல்லணும். புலி இல்ல, புள்ளின்னு. அவ்வளவுதான்."

பத்மாதேவி தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். அம்புறோஸ் மாதிரி ஆட்களுக்கென்று அந்த வீட்டில் ஒரு தகரக் கோப்பை தனியாக இருந்தது. கண்டியில் இருபத்தைந்து வருடம் இருந்தும், தோட்டத்து ஆட்கள் வேறு, தாங்கள் வேறு என்பதை அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒரு நாளும் மறந்ததில்லை. தாங்கள் யாழ்ப்பாணத்தார் என்பதைக் கண்டியில் யாரும் அவர்களை மறக்க விட்டதுமில்லை.

அம்புறோசின் மனைவி அந்தோனியம்மா, குண்டசாலைக்கு அப்பால் ஹேரத் முதலாளியின் பால் பண்ணையில் கன்றுக் கொட்டில் பார்ப்பவள். தன் மாடு எதையும் இறைச்சிக்கு விற்பதில்லை என்று ஊரறியச் சொன்னவர் முதலாளி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். காளைக் கன்று பிறந்தால் விற்க மாட்டார், வெட்டவும் மாட்டார். அதற்குப் பால் விட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுவார். சில நாளில் அது தானாகவே செத்துப்போகும். பாவம் யார் தலையிலும் விழாது. என்ன அருமையான ஏற்பாடு.

பரமநாதன் இதை மேலிடத்துக்கு எழுதினார். ஆதாரம் எங்கே என்று கேட்டு அது திரும்பி வந்தது. அவர் போகிற நாளில் கொட்டில் கழுவித் துடைத்துக் கிடக்கும், ஆதாரத்துக்கு அவர் எங்கே போவார்? கடைசியில் தன்னுடைய பழைய கமரா போனை அந்தோனியம்மாவின் கையில் கொடுத்தார். "ஒருத்தருக்கும் தெரியாமல் எடு பிள்ளை. காட்டி எடுத்தால் எல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார். அவள் பயந்தாள். ஆனால் தன் விரலைச் சப்பிக்கொண்டே கன்றுகள் சாவதை அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அதனால் எடுத்தாள்.

நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்தாற்போல ஒரு கன்று. அவள் அதைப் புள்ளி என்று கூப்பிடுவாள். வீடியோப் படத்தில் அவளுடைய குரலும் பதிந்திருந்தது. "பாருங்க, புள்ளிக்கு இன்னைக்கும் பால் இல்ல. இப்படியே விட்டா நாளைக்குப் புள்ளி போயிரும்." அவ்வளவுதான். அதற்குள் காவல்காரன் பிடித்துவிட்டான், முதலாளி போனோடு அவளைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் யுத்தம், கண்டியில் சந்திக்குச் சந்தி சோதனை. தமிழே தெரியாத பொலிஸ்காரனுக்கும் அப்போது ஒரேயொரு தமிழ்ச் சொல் தெரிந்திருந்தது. அந்தச் சொல் போனில் கேட்டது, ஒருமுறை அல்ல, இரண்டு முறை. புலி நாளைக்கு எங்கே போகும்? பால் என்றால் என்ன? களவாக ஏன் படம் எடுத்தாய்? கன்றின் பெயர் என்றாள் அந்தோனியம்மா. கன்னத்தில் அறை விழுந்தது.

"புருசன் சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம்மா" என்றான் அம்புறோஸ், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. "தமிழ் படிச்ச கவர்மெண்டு ஆளு யாராச்சும் வந்து சொல்லணுமாம். கன்னுக்குட்டியக் காட்டலாம்னா அதுவும் செத்துப்போச்சு."

பரமநாதன் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். பத்மாதேவி அவரை மறித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"எங்கை வெளிக்கிடுறியள்? போன் என்ரை எண்டு சொல்லப்போறியளோ?"

"நான் சொல்லித்தானே அவள் எடுத்தவள், பத்மா."

"உங்கடை அடையாள அட்டையில பிறந்த இடம் எங்கையெண்டு கிடக்கு? யாழ்ப்பாணம். அவளை ஒரு கிழமை வைச்சிருந்திட்டு விடுவினம். உங்களை விடுவினமோ? எண்பத்து மூண்டுக் கலவரத்தில ஒரு பகல் முழுக்கப் பக்கத்து வீட்டுக் கக்கூசுக்குள்ள நிண்டனான். இன்னொருக்கா என்னால ஏலாது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அந்தக் காலத்தின் கேடு. கோழைத்தனத்துக்குக்கூட நியாயமான காரணம் இருந்தது.

"அப்ப அந்த மனிசியை என்ன செய்யிறது?"

"சொல்லை மட்டும் திருத்திப்போட்டு வாங்கோ. போனைப் பற்றி வாய் திறவாதேங்கோ."

அவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு அம்புறோசோடு பஸ் ஏறினார். பஸ்சில் இருவரும் வேறு வேறு இருக்கையில் இருந்தார்கள்.

பொலிசில் நல்ல மரியாதை. பொறுப்பதிகாரி டொக்டருக்குக் கதிரை போடச் சொன்னார். இன்னொரு கதிரையில் ஹேரத் முதலாளி ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அம்புறோசை வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்தோனியம்மாவைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. டொக்டரைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பரமநாதன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்.

போனைப் போட்டுக் காட்டினார்கள். இது புலி அல்ல, புள்ளி, பொட்டு என்று பொருள், மாட்டுக்கு வைக்கிற பெயர் என்று பரமநாதன் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"சரி, கன்று என்றே வைப்போம். கன்றைப் படம் எடுத்து யாருக்குக் கொடுக்க?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் முதலாளி. "என் பண்ணைக்குள் களவாகப் படம் எடுக்கிறார்கள். இதற்கு ஒரு சட்டம் வேண்டும். வெளிநாடுகளில் இருக்கிறதாம். நீங்கள் மாட்டு டொக்டர், நீங்கள் சொல்லுங்கள், வேண்டுமா, வேண்டாமா?"

பரமநாதன் சொன்னார்: "அனுமதி இல்லாமல் எடுப்பது பிழைதான்."

"சட்டம்?"

"இருந்தால் நல்லது."

அதிகாரி சிரித்தார். "இவர்களுக்கு எதற்குப் புதுச் சட்டம்? கையில் இருக்கிற பயங்கரவாதச் சட்டமே போதும்." பிறகு பேனையை எடுத்தார். "மொழிபெயர்க்க இங்கே ஆள் இல்லை. டொக்டர்தான் உதவி செய்ய வேண்டும். போனை யார் கொடுத்தது என்று அவளிடம் கேளுங்கள். உண்மையைச் சொல்லி, அந்த ஆளும் ஒழுங்கான ஆள் என்றால், இன்றைக்கே விட்டுவிடுகிறேன்."

பரமநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, போனை ஆர் தந்தது எண்டு கேக்கினம்."

அந்தோனியம்மா அவரையே பார்த்தாள். அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை.

"நீங்களே சொல்லுங்க ஐயா."

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரமநாதன் சிங்களத்தில் சொன்னார்: "தன்னே நே." தெரியாதாம்.

பண்ணையில் அத்தனை வருடம் சிங்களவரோடு மாரடித்தவளுக்கு அந்த இரண்டு சொல் விளங்காதா? விளங்கியது. மறுத்துச் சொல்ல அவளுக்கும் வாய் இருந்தது, அரைகுறைச் சிங்களமும் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மரியாதையா, வெறுப்பா, அலுப்பா? மூன்றும்தான் என்று நான் நினைக்கிறேன்.

எழுதி முடித்ததும், வாக்குமூலத்தை அவளுடைய பாஷையில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை என்றார் அதிகாரி. முறையில் ஒரு குறையும் வைக்காத மனிதர். பரமநாதன் தாளை வாங்கி, தான் சொன்ன பொய்யையும் அதிகாரி கூட்டி எழுதியதையும் தமிழாக்கி, அவளுக்கே வாசித்தார்.

"போனை எனக்கு ஆர் தந்ததெண்டு தெரியாது. ஏன் படம் எடுத்தனான் எண்டும் சொல்லமாட்டன்." தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "சரிதானே, பிள்ளை?"

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் ஐயா இருக்கும்."

அவள் தாளை வாங்கி, காட்டிய இடத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். கொழும்புக்கு அனுப்புவது காலையில்தான் என்றிருந்ததை அதிகாரி அன்று மாலைக்கே மாற்றினார்.

வெளியே படிக்கட்டில் அம்புறோஸ் எழுந்து நின்றான்.

"சொல்லிட்டீங்களா ஐயா?"

"சொல்லிப்போட்டன்."

"புள்ளின்னு வெளங்கிக்கிட்டாங்களா?"

"ஓம். விளங்கீற்றுது."

அம்புறோஸ் இரண்டு கையையும் கூப்பி, நெற்றிக்கு உயர்த்தி, அவரைக் கும்பிட்டான். பரமநாதன் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.