ஒட்டியிருந்த இரண்டு பக்கங்கள்

1.
இந்தக் கதை என் சந்தேகத்தில் பிறந்தது. புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு "அருமை" என்பவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம். அதை ஒரு டீச்சரின் தலையில் கட்டிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலை வெயில் வகுப்பறைக்குள்...' வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

2.
வேலை முடிந்து புது மொழி படிக்க வருகிறவர்களுக்கு அவள் வாராவாரம் கதைப் புத்தகம் கொடுப்பாள். "பிடிச்சதை எடுங்க. பிடிக்கலன்னா மாத்திக்குங்க. பரீட்சையெல்லாம் கிடையாது." எல்லாரும் தலையாட்டுவார்கள். அவளுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் நடுவிலும் இரண்டு பக்கங்களை ஓரத்தில் ஒரு பொட்டுப் பசையால் ஒட்டினாள். படிக்கிறவர் பிரித்துத்தானே ஆகவேண்டும்?

[இங்கே அவள்மேல் கோபம் வரவேண்டும். எனக்கு வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.]

லிஃப்ட் மெக்கானிக் திருப்பித் தந்த புத்தகத்தில் பசை அப்படியே இருந்தது.

3.
"படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர்."

"முழுசா?"

"அண்ணன் லிஃப்டுல ஏறி நேரா கடைசிப் பக்கத்துல இறங்கியிருப்பாரு" என்றாள் பக்கத்து நாற்காலித் தையல்காரி.

டீச்சர் சிரிக்கவில்லை. வெளியே ஒருவர் வகுப்பில் இடத்துக்காகக் காத்திருந்தார். படிக்காதவர் பெயரை அவள் இன்று பட்டியலிலிருந்து அடித்தாக வேண்டும். இந்த மொழி படித்தால்தான் கம்பெனி வைத்துக்கொள்ளும்; வகுப்பு போனால் மெக்கானிக்குக் கம்பெனி வேலையும் போகும்.

"இதைப் பிரிக்கவே இல்லையே?"

"அச்சுல ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். பிச்சா கிழிஞ்சிடுமே, புக்கு உங்களோடது. மேலே இடைவெளி வழியா டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்தேன். லிஃப்ட் குழியைப் பாக்குற மாதிரி."

"என்ன இருந்துச்சு?"

இதுவரை வகுப்பில் புது மொழியில் வாய் திறக்காதவர், இப்போது அதிலேயே சொன்னார். தப்புத் தப்பாக. (இங்கே திருத்தித் தருகிறேன்.) "அந்தப் பொம்பள வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறா. நாய் பின்னாடியே வருது. அவ திரும்பிப் பாக்கல. எனக்குத்தான் மனசு கேக்கல."

4.
அவளுக்கு அப்படி ஒரு நாய் நினைவில் இல்லை. அவளே அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறாளா? தெரியவில்லை.

ஒரு முடிவு: பிரிக்கிறாள், நாய் இருக்கிறது, கண்கள் கலங்கி அவள்... எழுதும்போதே கை கூசியது.

இன்னொரு முடிவு: பிரிக்கிறாள், நாய் இல்லை. கதையில் இல்லாத நாய்க்காக ஒரு மனிதர் புது மொழியில் வருத்தப்பட்டிருக்கிறார். அவரை வெளியே அனுப்புவாளா?

அவளுடைய நகம் பசைமேல் இருக்கிறது. மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. அலமாரியைப் பார்த்தபடி, "அடுத்த புக்கு எடுத்துக்கலாமா டீச்சர்?" என்கிறார்.

நான் எழுதுவதை நிறுத்தி வெகுநேரமாகிறது. அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். நீங்களாவது பதில் சொல்லுங்கள்.