சிகுசாவின் சுட்டுவிரல்

அரிசி பிஸ்கட் ஆலையின் வாசல் பலகையில் ‘விபத்தில்லாத நாட்கள்: 999’ என்றிருந்தது. மறுநாள் ஆயிரமானால் அறுபது பேருக்கும் விலாங்கு மீன் சோறு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாதமாகவே ஆலை முழுக்க நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அன்று பார்த்துத்தான் ஓடும் பெல்ட்டின் உருளை சிகுசாவின் கையுறையைக் கவ்வியது. வெடுக்கென்று இழுத்ததில் விரல் தப்பியது, வலது சுட்டுவிரல் நகம் தப்பவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவளும் மூச்சு விடவில்லை. ஐம்பது வயதில், அறுபது பேர் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசை? துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவள், கதவிடுக்கில் நசுங்கிவிட்டதாகக் கணவனிடம் புளுகினாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பெட்டி மடிக்கும் வேலை. அந்த பெல்ட்டுக்கு அவள் தோழி மித்சுயேவைப் போட்டிருந்தார்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் இயந்திரத்தை விரலால் சுட்டி, உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம். மித்சுயேவும் உருளையைச் சுட்டினாள்.

“மூடி மாட்டியிருக்கு, சரி!”

சிகுசா அந்த விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே மூடியே இல்லை. எத்தனை மாதமாக இல்லையோ. நேற்று அவளும் இதே இடத்தைச் சுட்டி இதையேதான் கத்தினாள். மித்சுயேவின் கை உருளைப் பக்கம் போனதும் சிகுசா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“கையை எடுடீ. மூடி எங்க இருக்கு? நேத்து என் நகத்தை அதுதான் தின்னுச்சு.”

துணியை அவிழ்த்துக் காட்டினாள். சத்தம் கேட்டு எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். பிறகு ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார், இன்னொருத்தி கட்டைவிரலைக் காட்டினாள். எல்லாம் அதே உருளையின் கைவரிசை, எல்லாம் சோற்றுக்காக மறைத்தவை. ‘1000’ அட்டையோடு ஏணியில் நின்றிருந்த மேற்பார்வையாளர் ஹோஷினா மெல்ல இறங்கிவந்து, முதலில் பெல்ட்டின் சுவிட்சை அணைத்தார். பின் மறுபடி ஏறிப் பூஜ்யத்தை மாட்டினார்.

சிகுசாவுக்கு அழுகை முட்டியது. சோறு போச்சே என்று முனகினாள்.

மித்சுயே அவள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். “இந்தக் கையால சோறு தின்னுற குச்சியை எப்படிடீ பிடிச்சிருப்ப?” என்றாள்.