காந்தம் இழுத்த ஆறு துண்டுகள்

ஒரே எவர்சில்வர் கம்பி, ஒரே மெஷின். போன தடவை ஆறு துண்டும் ஒரு கோடிச் சுற்று போயும் உடையவில்லை. இந்தத் தடவை ஒன்றுகூட ஆறு லட்சத்தைத் தாண்டவில்லை. உலோகத்தை வளைத்து வளைத்துச் சோர்வடையச் செய்வதுதான் என் பிழைப்பு. பதினாறு வருடத்தில் என்னை இப்படிச் சோர்வடையச் செய்த உலோகம் இதுதான்.

போன முடிவை நம்பித்தான் 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பியில் செய்த கலக்கித் தண்டு பால் ஆலையின் பெரிய தொட்டியில் நாற்பது நாளாகச் சுற்றுகிறது. அது முறிந்தால், கொதிக்கும் பால் தொட்டிப் பக்கத்தில் நிற்பவள் மேல்தான் கொட்டும். நிற்பவள் என் மனைவி.

எதை நம்புவது? நுண்ணோக்கி பார்க்கும் அக்காவிடம் ஓடினேன்.

"ரெண்டையும் அறுத்துப் பாத்துட்டேன். உள்ளே ஒரே மாதிரிதான். கல்லுப்பு மாதிரி பெரிய பெரிய மணியா இருக்கு. இதுல விரிசல் சீக்கிரம் விழும். உடைஞ்சதுல அதிசயமே இல்ல."

"அப்புறம் பழசு எப்படிக்கா நின்னுச்சு?"

"அதைத்தான் நானும் உன்னைக் கேக்குறேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழைய துண்டுகளை முறைத்தபடி, அலமாரியில் தாள் ஒட்டும் காந்தத்தை அவற்றின் மேல் உருட்டிக்கொண்டிருந்தேன். லேசாக இழுத்தது. இந்த ரக எவர்சில்வரைக் காந்தம் சீண்டவே சீண்டாது. புதியதில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. பழைய ஆறிலும் இழுத்தது.

அக்கா இந்த முறை விளிம்பை மட்டும் பார்த்தார்.

"தோல் மட்டும் நசுங்கியிருக்கு. இந்த உலோகத்தை அழுத்தினா மேல்பக்கம் வேற அமைப்பா மாறி இறுகிடும். காந்தமும் இழுக்கும். யாரோ நல்லா அழுத்தியிருக்காங்க."

பழைய துண்டுகளை லேத்தில் கடைந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். இந்தத் தடவை அவர் லீவில் இருந்ததால் வேறொருவர் கடைந்தார்.

"மச்சான், பழைய துண்டை என்ன பண்ணீங்க?"

"தங்கச்சி வேலை பாக்குற இடத்துச் சரக்காச்சேன்னு, உருளை வெச்சு அழுத்திக் கண்ணாடியாட்டம் ஆக்கிக் குடுத்தேன். ஏன் மாப்ள, நல்லா இல்லையா?"

"தண்டையும் அப்படி அழுத்தினாங்களா?"

"அது வேற பட்டறை. அவங்களுக்கு என்ன அக்கறை? சும்மா கடைஞ்சிருப்பாங்க."

கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பல்லிளித்து வாங்கிக்கொண்ட என் மேலா, தெரியவில்லை. நிமிடத்துக்கு முப்பது சுற்று, தினம் எட்டு மணி நேரம், நாற்பது நாள். ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம். மச்சானிடம் கணக்கைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"கலக்கியை நிறுத்து. தள்ளி நில்லு."

"தாங்கும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அதைத் தொட்டி மேலேயே ஒட்டி வெச்சிருக்கோம்."

"நான் எழுதினது தப்பு."

போனில் கலக்கியின் சத்தம், சுற்றுக்கு ஒரு தட்டு. நான் எண்ண ஆரம்பித்தேன். நான்கு, ஐந்து. மச்சான் போனைப் பிடுங்கினார்.

"அம்மாடி, தப்பு அண்ணனோடது. நிறுத்தும்மா!"

ஒன்பதில் சத்தம் நின்றது. அவள் நிறுத்தினாளா, அதுவே நின்றதா? நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிறுத்திட்டேன். சரி, ரெண்டு பேரும் எதுக்கு அழுறீங்க?"