பிடிஎஃப் என்று பேர் வைத்தால்

கருங்குழியில் பிரவுசிங் சென்டர் திறந்த நாளிலிருந்து எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறாத நாளில்லை. வேலைக்கு மனு போட என் கடைக்கு வரும் கஸ்தூரி அனுப்பிய பயோடேட்டா திறக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து மறுபடியும் மெயில் வந்திருந்தது. அவர்கள் பிடிஎஃப் கேட்டிருந்தார்கள். இவளோ வேர்டில் அடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, ஃபைல் பெயரின் கடைசியில் மட்டும் பிடிஎஃப் என்று தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

“இன்னாம்மா பேஜாரு! பேர மாத்திட்டா உள்ள கீறது மாறிடுமா?” என்று கத்தினேன்.

கஸ்தூரி வாசல் பக்கம் திரும்பினாள். வியாபாரமே இல்லையென்று, எண் ஜோசியர் சொன்னபடி, போன மாதம்தான் ‘குமரன்’ போர்டைக் கழற்றிவிட்டு ‘ஸ்ரீ மகா குமரன்’ என்று மாட்டியிருந்தேன்.

“அப்ப நீ ஏன்ணா போர்ட மாத்துன?”

கடையில் அவளைத் தவிர யாருமில்லை.